புது ரத்தம் பழைய உடம்போடு ஒத்துப்போக: ஜி.வி.எச்.டி. தடுப்பு எப்படி வேலை செய்கிறது?

"கொடையாளர் முழுசாகப் பொருந்துகிறார் என்று சொன்னீர்களே, அப்புறம் எதற்கு இத்தனை மாத்திரை?" வேறொருவரின் ஸ்டெம் செல்களைப் பெற்று வீடு திரும்பும் குடும்பத்தில் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுவார். கையில் நீளமான மருந்துச் சீட்டு இருக்கும். அதில் சில மருந்துகள் நோய் எதிர்ப்பாற்றலை அடக்கி வைப்பவை. மற்றவை, அப்படி அடக்கியதால் தொற்று எதுவும் வந்துவிடாமல் காப்பவை. ஒரு கையால் அமுக்கிவிட்டு மறு கையால் முட்டுக் கொடுப்பது போலத் தோன்றும். குழம்பத்தான் செய்வார்கள்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஏற்றிய செல்கள், அவற்றை வாங்கிக்கொண்ட உடம்பையே தாக்கும் நிலைதான் ஜி.வி.எச்.டி. அதைத் தடுக்கவே இத்தனை மாத்திரை. காரணம் புரியாமல் விழுங்கும் மாத்திரையை உடம்பு கொஞ்சம் தேறியதும் விட்டுவிடத் தோன்றும். இந்த மாத்திரைகளை அப்படி விடக்கூடாது.

பையில் என்ன இருக்கிறது?

ரத்தத்தில் ஓடும் சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு எல்லாமே எலும்பு மஜ்ஜையில் குடியிருக்கும் ஸ்டெம் செல்களிலிருந்து பிறப்பவை. லுகேமியா என்ற ரத்தப் புற்றுநோயில் இந்தப் பிறப்பிடமே கெட்டுப்போகிறது. அப்லாஸ்டிக் அனீமியாவில் வற்றிப்போகிறது. தலசீமியாவில் பிறவியிலேயே குறையோடு இருக்கிறது. இப்படிப்பட்ட நேரங்களில்தான் இன்னொருவரின் ஆரோக்கியமான ஸ்டெம் செல்களை வாங்கி வைக்கிறார்கள். இதைத்தான் இங்கே மாற்று சிகிச்சை என்கிறேன்.

அதற்கு முன்னால் சில நாட்கள் வீரியமான கீமோதெரபி கொடுக்கப்படும். சிலருக்குக் கதிர்வீச்சும் சேரும். பழைய மஜ்ஜையை ஒழித்து இடம் பண்ணுவதும், புதிதாக வரும் செல்களை உடம்பு விரட்டிவிடாமல் செய்வதும் இதன் வேலை. பிறகு 'நாள் 0' வருகிறது. இவ்வளவு பெரிய சிகிச்சையின் முக்கியமான நாள் பார்ப்பதற்கு மிகச் சாதாரணமாக இருக்கும். அறுவை அரங்கு கிடையாது, மயக்க மருந்தும் கிடையாது. ரத்தப் பை மாதிரி ஒரு பை தொங்கும். நெஞ்சில் பொருத்திய குழாய் வழியாக அது சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கும். உறைய வைத்த செல்களாக இருந்தால், அவற்றைக் காப்பதற்குச் சேர்த்த ரசாயனத்தால் அறையில் பூண்டு போல ஒரு வாடை அடிக்கும். வேறொன்றும் நடக்காது. ஸ்டெம் செல்கள் ரத்த ஓட்டத்தில் போய் எலும்புக்குள் தங்கள் இடத்தைத் தாங்களே தேடிக் குடியேறிவிடும். அவை வேலையைத் தொடங்கி, வெள்ளையணுக்கள் ரத்தப் பரிசோதனையில் தலைகாட்ட இரண்டு மூன்று வாரங்கள் ஆகும்.

அந்தப் பையில் ஸ்டெம் செல்கள் மட்டும் வருவதில்லை. கொடையாளரின் முதிர்ந்த டி செல்களும் கூடவே ஏராளமாக வருகின்றன. நம் பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது.

டி செல் என்பது வெள்ளையணுக்களில் ஒரு வகை. உடம்பு முழுக்கச் சுற்றி வந்து, எதிர்ப்படும் ஒவ்வொரு செல்லையும் "நீ நம் ஆளா, வெளியாளா" என்று சோதிப்பதே அதன் தொழில். வெளியாள் என்று பட்டால் தாக்கும். இந்த டி செல்கள் கொடையாளரின் உடம்பில் வளர்ந்து, அவருடைய செல்களையே 'நம் ஆள்' என்று பழகியவை. இப்போது திடீரென்று இன்னொருவரின் உடம்பில் இறக்கி விடப்பட்டிருக்கின்றன. அவற்றின் பார்வையில் இந்தத் தோல், இந்தக் குடல், இந்தக் கல்லீரல் எல்லாமே வெளியாட்கள்தான்.

சிறுநீரகம் மாற்றியவரின் உடம்பு, வந்த உறுப்பை எதிர்க்கும். அது நமக்கு ஓரளவு தெரிந்த கதை. இங்கே கதை தலைகீழ். வந்தது, இடம் கொடுத்த உடம்பையே எதிர்க்கிறது. இதைத்தான் 'கிராஃப்ட் வெர்சஸ் ஹோஸ்ட் டிசீஸ்', சுருக்கமாக ஜி.வி.எச்.டி. என்கிறார்கள். கிராஃப்ட் என்றால் ஒட்டு. ஹோஸ்ட் என்றால் அந்த ஒட்டுக்கு இடம் கொடுத்த உடம்பு.

எப்போது இது நடக்கும் என்பதற்கு ரூபர்ட் பில்லிங்ஹாம் என்ற விஞ்ஞானி 1966-ல் மூன்று நிபந்தனைகள் சொன்னார். வரும் ஒட்டில் எதிர்ப்பு வேலை செய்யத் தெரிந்த செல்கள் இருக்க வேண்டும். பெறுபவரின் திசுக்களில், கொடையாளரிடம் இல்லாத ஏதாவது ஓர் அடையாளம் இருக்க வேண்டும். பெறுபவரின் உடம்பு, வந்த செல்களைத் திருப்பி விரட்ட முடியாத நிலையில் இருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால் ஆபத்து. ஜி.வி.எச்.டி. தடுப்பு என்று இன்று செய்யப்படுவதில் பெரும்பகுதி முதல் இரண்டில் ஏதாவது ஒன்றைப் பலவீனப்படுத்தும் முயற்சிதான்.

மூன்றாவது நிபந்தனையால் இன்னொரு விஷயமும் விளங்கும். மாற்று சிகிச்சை பெற்றவருக்கு ரத்தமோ தட்டணுவோ ஏற்ற வேண்டியிருந்தால், அந்தப் பைகளைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்திய பிறகே ஏற்றுகிறார்கள். ரத்தம் கொடுத்த யாரோ ஒருவரின் டி செல்கள் அதில் தங்கியிருந்து, எதிர்க்க முடியாத உடம்புக்குள் பெருகிவிடக் கூடாது. அது அரிதாக நடப்பது. ஆனால் நடந்துவிட்டால் பெரும்பாலும் உயிரைப் பறித்துவிடும். அவசரத்தில் வேறொரு மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால், "கதிர்வீச்சு கொடுத்த ரத்தம்தான் ஏற்ற வேண்டும்" என்று குடும்பத்தினர் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும்.

பொருந்தினாலும் ஏன் வருகிறது?

கொடையாளரைத் தேடும்போது பார்ப்பது எச்.எல்.ஏ. என்ற புரத அடையாளங்களை. நம் செல்கள் ஒவ்வொன்றும் தம் மேற்பரப்பில் இவற்றைத் தாங்கி நிற்கின்றன. ரத்தப் பிரிவு போல நாலைந்து வகை மட்டும் என்றால் தேடல் சுலபமாக இருந்திருக்கும். எச்.எல்.ஏ.வில் ஆயிரக்கணக்கான வகைகள் உண்டு. இவற்றுக்கான மரபணுக்கள் ஆறாவது குரோமோசோமில் ஒரு கொத்தாக இருக்கின்றன. அப்பாவிடமிருந்து ஒரு கொத்து, அம்மாவிடமிருந்து ஒரு கொத்து. அதனால் ஒரே அப்பா அம்மாவுக்குப் பிறந்த அண்ணன், தம்பி, அக்கா, தங்கை ஒவ்வொருவரும் முழுசாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. பெற்றோரும் பிள்ளைகளும் பாதி பொருந்துவார்கள். வெளியாள் ஒருவர் பொருந்துவது அபூர்வம் என்பதால்தான் கொடையாளர் பதிவேடுகளில் லட்சக்கணக்கானோர் பெயர் கொடுத்திருந்தும் சிலருக்கு ஆள் கிடைப்பதில்லை.

சரி, பார்த்த அடையாளங்களில் எட்டுக்கு எட்டு, பத்துக்குப் பத்து என்று எச்.எல்.ஏ. பொருந்திய அண்ணனே கொடுத்தாலும் ஏன் ஜி.வி.எச்.டி. வருகிறது? எச்.எல்.ஏ. ஒரு சட்டி மாதிரி. செல்லுக்குள் இருக்கும் புரதங்களின் சின்னச் சின்னத் துணுக்குகளை அது ஏந்தி வெளியே காட்டுகிறது. சட்டி இருவருக்கும் ஒன்றாக இருக்கலாம், உள்ளே இருக்கும் துணுக்குகள் வேறாக இருக்கலாம். அண்ணன் தம்பிக்குள்ளும் ஆயிரக்கணக்கான மரபணு வேறுபாடுகள் உண்டு அல்லவா? அவற்றைச் சிறு அடையாளங்கள் என்கிறார்கள். அக்கா தம்பிக்குக் கொடுக்கும்போது இது தெளிவாகத் தெரியும். ஆண் உடம்பில் ஒய் குரோமோசோமிலிருந்து உருவாகும் புரதங்கள் இருக்கின்றன. அக்காவின் டி செல்கள் அவற்றை வாழ்நாளில் பார்த்ததே இல்லை. ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையரில் மட்டும்தான் இந்தச் சிறு அடையாளங்களும் பொருந்தும்.

எனவே, எச்.எல்.ஏ. பொருத்தம் ஆபத்தை வெகுவாகக் குறைக்கும், இல்லாமல் ஆக்காது. பொருந்திய உடன்பிறப்பு கொடுத்து, வழக்கமான தடுப்பு மருந்துகளும் எடுத்துக்கொண்டவர்களில்கூடப் பத்துக்கு நான்கு பேர் அளவில் ஏதோ ஒரு அளவுக்கு இது வந்திருக்கிறது.

வரும் விதம் இரண்டு. தீவிர வகை பெரும்பாலும் முதல் 100 நாட்களுக்குள், தோல், குடல், கல்லீரல் மூன்றையும் குறிவைத்து வருகிறது. உள்ளங்கை, உள்ளங்கால், காது, முகம் என்று சிவந்த தடிப்பு. நீர் நீராகப் போகும் பேதி. கல்லீரல் வெளியேற்ற வேண்டிய பிலிருபின் என்ற மஞ்சள் பொருள் ரத்தத்தில் ஏறிக் கண் மஞ்சளாவது. நாட்பட்ட வகை மெதுவாக, மாதங்கள் கழித்துத் தலைகாட்டும். கண் வறண்டு மணல் உறுத்துவது போலிருக்கும், வாய் காய்ந்து எரியும், தோல் இறுகும், மூட்டு மடங்காது. நுரையீரலைத் தொட்டுவிட்டால் மூச்சு வாங்கும், அதுதான் இருப்பதிலேயே கவலைக்குரியது.

எல்லா டி செல்களையும் எடுத்துவிட்டால் என்ன?

இதைப் படித்ததும் யாருக்கும் தோன்றும் யோசனை இது. மருத்துவர்களுக்கும் தோன்றியது. 1980-களில் பையில் இருந்த டி செல்களைக் கிட்டத்தட்ட மொத்தமாகக் களைந்துவிட்டு மஜ்ஜையை ஏற்றிப் பார்த்தார்கள். ஜி.வி.எச்.டி. வெகுவாகக் குறைந்தது. ஆனால் சில நோயாளிகளிடம் ஸ்டெம் செல்கள் வேர்பிடிக்கவே இல்லை. வைரஸ் தொற்றுகள் கூடின. முக்கியமாக, லுகேமியா திரும்பி வருவது அதிகரித்தது.

அதே காலத்தில் இன்னொரு புதிரும் இருந்தது. ஒரே கரு இரட்டையரிடமிருந்து மஜ்ஜை பெற்றவர்களுக்கு ஜி.வி.எச்.டி. அநேகமாக வருவதில்லை. கொடுத்து வைத்தவர்கள் என்றுதான் நினைப்போம். ஆனால் அவர்களுக்குத்தான் லுகேமியா திரும்புவது அதிகமாக இருந்தது. ஜி.வி.எச்.டி. வந்து போனவர்களுக்கு நோய் திரும்புவது குறைவாக இருந்தது. 1979-லும் 1990-லும் வெளியான ஆய்வுகள் இதை எண்களோடு காட்டியபோது விஷயம் தெளிவானது. கொடையாளரின் டி செல்கள், ஒளிந்திருக்கும் லுகேமியா செல்களையும் வெளியாட்களாகக் கண்டுபிடித்துக் கொல்கின்றன. கீமோதெரபி விட்டுவைத்த மிச்சத்தை அவை துடைக்கின்றன. தோலைத் தாக்கும் அதே குணம்தான் புற்றுநோயையும் தாக்குகிறது.

என்னைக் கேட்டால், ஜி.வி.எச்.டி. தடுப்பைப் பற்றி ஒருவர் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம் மருந்துப் பெயர் எதுவும் இல்லை, இதுதான். டி செல்களை அளவு மீறி அடக்கினால் புற்றுநோய் திரும்பலாம், கிருமி புகலாம். அளவு குறைத்து அடக்கினால் உடம்பே தாக்கப்படும். ஒவ்வொரு மருந்தின் அளவும், ஒவ்வொரு வாரமும் எடுக்கும் ரத்தப் பரிசோதனையும் இந்த இரண்டுக்கும் நடுவில் நடக்கும் நடை. பக்கத்துப் படுக்கைக்காரருக்கு மருந்தை 2 மாதத்தில் குறைத்தார்கள், நமக்கு மட்டும் ஏன் இன்னும் குறைக்கவில்லை என்ற கேள்விக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. அவருடைய லுகேமியா திரும்பும் அபாயம் அதிகமான வகையாக இருந்திருக்கலாம். அதனால் டி செல்களைச் சீக்கிரம் அவிழ்த்து விட்டிருப்பார்கள்.

தலசீமியா, அப்லாஸ்டிக் அனீமியா போன்றவற்றில் துடைப்பதற்குப் புற்றுநோயே கிடையாது. அங்கே ஜி.வி.எச்.டி.யால் ஒரு பைசா லாபமும் இல்லை. அதனால் அந்த நோயாளிகளுக்குத் தடுப்பைச் சற்று இறுக்கமாகவே வைக்கிறார்கள்.

தடுப்பு எங்கே தொடங்குகிறது?

மருந்துக்கு முன்னால், கொடையாளரைத் தேர்ந்தெடுக்கும்போதே தொடங்குகிறது. பொருந்துபவர்கள் ஒன்றுக்கு மேற்பட்டவர் இருந்தால் பொதுவாக இளையவரை எடுக்கிறார்கள். பல முறை கருவுற்ற பெண், ஓர் ஆணுக்குக் கொடுக்கும்போது நாட்பட்ட வகை வரும் வாய்ப்பு கூடுகிறது. கருவில் சுமந்த குழந்தைகளின் அடையாளங்களை அவருடைய எதிர்ப்பாற்றல் ஏற்கனவே சந்தித்திருக்கும், அதனால் அதன் டி செல்கள் கொஞ்சம் முன்கூட்டியே உஷாராக இருக்கும். ஆனாலும் இருப்பவர்களிலேயே நன்றாகப் பொருந்துபவர் அம்மா அல்லது அக்காதான் என்றால் அவரே கொடுப்பார், யாரும் குற்ற உணர்வு கொள்ள வேண்டியதில்லை.

செல்களை எங்கிருந்து எடுக்கிறார்கள் என்பதும் கணக்கில் வரும். இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையை உறிஞ்சி எடுக்கலாம். அல்லது கொடையாளருக்குச் சில நாள் ஊசி போட்டு ஸ்டெம் செல்களை ரத்தத்துக்குள் வரவழைத்து, கையிலிருந்து இயந்திரம் வழியாகப் பிரித்தெடுக்கலாம். இரண்டாவது முறை கொடையாளருக்குச் சுலபம், செல்களும் சீக்கிரம் வேர்பிடிக்கும். ஆனால் அந்தப் பையில் டி செல்கள் பல மடங்கு அதிகம். உறவில்லாத கொடையாளர்களிடமிருந்து பெற்றவர்களை வைத்து 2012-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், இரண்டு வருட முடிவில் நாட்பட்ட ஜி.வி.எச்.டி. ரத்தத்திலிருந்து எடுத்ததில் 53 சதவீதமாகவும், மஜ்ஜையில் 41 சதவீதமாகவும் இருந்தது. உயிர்பிழைத்தவர்களின் விகிதத்தில் வித்தியாசம் இல்லை. வேர்பிடிக்காமல் போவது மஜ்ஜையில் அதிகம்: மஜ்ஜையில் 9 சதவீதம், ரத்தத்திலிருந்து எடுத்ததில் 3 சதவீதம். ஒன்றை வாங்க ஒன்றைக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

மருந்துகள்

பழைய ஜோடியிலிருந்து தொடங்கலாம், இன்றும் ஏராளமானவர்களுக்கு அதுதான் தருகிறார்கள். டி செல் ஒன்று வெளியாளைப் பார்த்ததும் உடனே போருக்குப் போய்விடாது. உள்ளே ஒரு சங்கிலி வேலை நடக்க வேண்டும். அதில் கால்சிநியூரின் என்ற புரதம் ஒரு பொத்தானைப் போல. அது அழுத்தப்பட்டால்தான் 'பெருகு, கூட்டம் சேர்' என்ற கட்டளை பிறக்கும். சைக்ளோஸ்போரினும் டாக்ரோலிமஸும் அந்தப் பொத்தானைப் பிடித்துக்கொள்கின்றன. இரண்டுமே மண்ணிலிருந்து கிடைத்தவை. முதலாவது நார்வே நாட்டு மண்ணில் இருந்த ஒரு பூஞ்சையிலிருந்து. இரண்டாவது 1984-ல் ஜப்பானின் சுகுபா பகுதி மண்ணில் கிடைத்த ஒரு பாக்டீரியாவிலிருந்து.

ஜோடியின் மற்றொன்று மெத்தோட்ரெக்ஸேட். பெருகத் தொடங்கும் செல்களை நிறுத்தும் பழைய கீமோ மருந்து இது. நாள் 1, 3, 6, 11 என்று சின்ன அளவில் ஊசியாகப் போடுகிறார்கள். சைக்ளோஸ்போரினையும் மெத்தோட்ரெக்ஸேட்டையும் சேர்த்துக் கொடுத்தால், தனியாகக் கொடுப்பதைவிட நன்றாகத் தடுக்கிறது என்று 1986-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகர மருத்துவர் குழு காட்டியது. பல வருடங்களுக்கு உலகம் முழுக்க அடிப்படை முறையாக இருந்தது இதுவே. வாயெல்லாம் புண்ணாகிப் பேச முடியாமல் போகும் அந்த இரண்டாவது வாரத்தில் இந்த மெத்தோட்ரெக்ஸேட்டுக்கும் பங்குண்டு. புண் மோசமாக இருந்தால் 11-ஆம் நாள் ஊசியை விட்டுவிடலாமா என்று மருத்துவர்கள் யோசிப்பதும் அதனால்தான்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். மாற்று சிகிச்சைக்குப் பின் கொடுக்கும் சைக்ளோபாஸ்பமைடு.

பாதி மட்டும் பொருந்தும் அம்மா, அப்பா, பிள்ளைகளிடமிருந்து செல் பெறுவது ஒரு காலத்தில் ஏறக்குறைய முடியாத காரியம். ஜி.வி.எச்.டி. அவ்வளவு கடுமையாக வரும். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழு இதற்கு ஒரு வழி கண்டது. கேட்கும்போது நம்ப முடியாது. செல்களை ஏற்றிவிட்டு, எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து எதுவும் கொடுக்காமல் இரண்டு நாள் சும்மா இருக்கிறார்கள். டி செல்கள் புதிய உடம்பைப் பார்த்து வெகுண்டு, பெருகத் தொடங்குகின்றன. பல நோயாளிகளுக்கு அந்த நாட்களில் காய்ச்சல் கொதிக்கும். பக்கத்தில் இருப்பவர்களுக்கு வயிறு கலங்கும். அதைத் தணிக்க ஸ்டீராய்டு கொடுப்பதைக்கூட அந்த நேரத்தில் தவிர்க்கிறார்கள், ஏனென்றால் வெகுண்ட செல்கள் வெகுண்டபடியே இருக்க வேண்டும். 3-ஆம் நாளும் 4-ஆம் நாளும் உடல் எடையில் கிலோவுக்கு 50 மில்லிகிராம் என்ற பெரிய அளவில் சைக்ளோபாஸ்பமைடு இறங்குகிறது. வேகமாகப் பெருகிக்கொண்டிருக்கும் செல்கள்தான் இந்த மருந்துக்கு எளிதில் பலியாகும். வேகமாகப் பெருகிக்கொண்டிருப்பவை, உடம்போடு சண்டைக்கு வந்த டி செல்கள்தானே! பேசாமல் இருந்த டி செல்கள், பிற்காலத்தில் கிருமிகளை எதிர்க்க வேண்டியவை, பெரும்பாலும் தப்பிக்கின்றன.

அப்படியானால் ஸ்டெம் செல்கள்? அவற்றுக்குள் ஆல்டிஹைடு டீஹைட்ரஜினேஸ் என்ற நொதி நிறைய இருக்கிறது. இந்த மருந்தை அது செயலிழக்கச் செய்துவிடும். அதனால் அவை சேதமில்லாமல் தப்பிவிடுகின்றன. கலவரத்தை அடக்கிவைக்கும் ஒழுங்குபடுத்தும் டி செல்களிடமும் அந்த நொதி உண்டு. இவ்வளவு பொருத்தமாக இயற்கை ஒத்துழைத்திருப்பதை முதன்முதலில் படித்தபோது அப்படியே உட்கார்ந்திருந்தேன். கதை இத்தனை நேர்கோடானது இல்லை, சண்டைக்காரச் செல்கள் எல்லாமே சாவதில்லை, மிஞ்சியவை வலுவிழந்துவிடுகின்றன என்று பிந்தைய ஆய்வுகள் சொல்கின்றன. என்றாலும் பலன் உறுதியானது.

இந்த மருந்து இறங்கும் இரண்டு நாளும் நிறையத் திரவம் ஏற்றுவார்கள், சிறுநீர்ப்பை புண்ணாகாமல் இருக்க மெஸ்னா என்ற மருந்தும் சேரும். 5-ஆம் நாளிலிருந்து டாக்ரோலிமஸும், எதிர்ப்பாற்றலை அடக்கும் இன்னொரு மருந்தான மைக்கோபினோலேட்டும் தொடங்கும்.

பாதிப் பொருத்தத்துக்காக வந்த முறை, முழுப் பொருத்தத்துக்கும் நல்லதுதானா? 2023-ல் அமெரிக்காவில் 431 பேரை வைத்து வெளியான ஆய்வு, மிதமான கீமோவோடு மாற்று சிகிச்சை பெற்றவர்களிடம் இதையும் பழைய மெத்தோட்ரெக்ஸேட் முறையையும் நேருக்கு நேர் ஒப்பிட்டது. ஒரு வருட முடிவில் உயிரோடு, நோய் திரும்பாமல், கடுமையான தீவிர வகையோ, மருந்து தேவைப்படும் நாட்பட்ட வகையோ இல்லாமல் இருந்தவர்கள் புதிய முறையில் 52.7 சதவீதம், பழைய முறையில் 34.9 சதவீதம். இதற்குப் பிறகு பல மருத்துவமனைகள் முழுப் பொருத்தத்துக்கும் இந்த முறைக்கு மாறிவிட்டன. இதற்கும் விலை உண்டு. ரத்த அணுக்கள் ஏறுவது சில நாள் தள்ளிப்போகும், தொற்றுகள் சற்றுக் கூடும், இதயம் பலவீனமானவர்களுக்கு யோசித்தே கொடுக்க வேண்டும்.

இன்னும் இரண்டைச் சொல்லிவிடுகிறேன். ஏ.டி.ஜி. என்பது முயல் போன்ற விலங்குகளிடம் உருவாக்கிய, மனித டி செல்களைப் பிடிக்கும் எதிர்ப்பொருள். செல் ஏற்றுவதற்கு முந்தைய நாட்களில் கொடுப்பதால், வரும் டி செல்களை உடம்பில் இறங்கியதுமே அது மடக்கும். 2016-ல் ஐரோப்பாவில் பொருந்திய உடன்பிறப்புகளை வைத்து நடந்த ஆய்வில், இரண்டு வருடத்தில் நாட்பட்ட வகை 68.7 சதவீதத்திலிருந்து 32.2 சதவீதமாக இறங்கியது. அடுத்த வருடம் உறவில்லாத கொடையாளர்களை வைத்து வந்த ஓர் ஆய்வில் நாட்பட்ட வகை குறைந்தும் உயிர்பிழைப்பு குறைந்திருந்தது. எல்லோருக்கும் ஒரே அளவு சட்டை பொருந்தாது. மற்றொன்று அபாடாசெப்ட். டி செல்லைத் தூண்ட இரண்டு சைகைகள் வேண்டும். இரண்டாவது சைகையை இது மறைக்கிறது. முடக்குவாதத்துக்கு ஏற்கனவே பயன்பட்ட மருந்து. தீவிர ஜி.வி.எச்.டி. தடுப்புக்கென்றே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதித்த முதல் மருந்தும் இதுவே, 2021 டிசம்பரில்.

வீட்டில்

மருத்துவமனையில் எல்லாம் கண்காணிப்பில் நடக்கும். வீட்டில் பொறுப்பு குடும்பத்தின் கைக்கு வருகிறது. அதில் ஒரு காலைப் பொழுதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் அடிக்கடி தவறு நடக்கிறது.

டாக்ரோலிமஸோ சைக்ளோஸ்போரினோ ரத்தத்தில் குறைந்தால் பாதுகாப்பு போகும், கூடினால் சிறுநீரகம் கெடும், கை நடுங்கும், ரத்த அழுத்தம் ஏறும், மெக்னீசியம் இறங்கும். அதனால் அளவை அடிக்கடி பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது, அடுத்த வேளை மாத்திரை போடுவதற்குச் சற்று முன் இருக்கும் அடிமட்ட அளவை. எனவே பரிசோதனை நாளன்று காலையில் அந்த மாத்திரையைப் போடாமல், கையோடு எடுத்துக்கொண்டு போக வேண்டும். ரத்தம் எடுத்த பிறகு விழுங்க வேண்டும். பழக்க தோஷத்தில் வீட்டிலேயே போட்டுவிட்டு வந்தால் அளவு பொய்யாக உயர்ந்து தெரியும். அதைப் பார்த்து மருந்தைக் குறைத்தால் உண்மையில் அளவு போதாமல் போய்விடும். போட்டுவிட்டீர்களா? மறைக்காமல் சொல்லிவிடுங்கள். யாரும் கோபிக்கமாட்டார்கள், இன்னொரு நாள் எடுத்துக்கொள்ளலாம்.

வேறு மருந்துகளும் இந்த அளவை ஆட்டிவைக்கும். வோரிகோனசோல், பொசகோனசோல் போன்ற பூஞ்சை எதிர்ப்பு மருந்துகள் டாக்ரோலிமஸை வெகுவாக ஏற்றிவிடும். அவற்றைத் தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் டாக்ரோலிமஸ் அளவையும் மாற்ற வேண்டியிருக்கும். கிரேப்ஃப்ரூட் பழமும் அதே வேலையைச் செய்யும். மூலிகை மருந்து, சத்து மாத்திரை எதுவானாலும் மாற்று சிகிச்சைக் குழுவைக் கேட்காமல் தொடவே கூடாது. அக்கறையோடு வாங்கி வரும் சொந்தக்காரர்களிடம் மறுப்பது சங்கடம்தான், இருந்தாலும் மறுக்க வேண்டும்.

வெயிலும் ஒரு தூண்டுகோல். புற ஊதாக் கதிர் தோலைக் காயப்படுத்தினால், அடங்கிக் கிடக்கும் டி செல்களுக்கு அது அழைப்பு விடுத்தது போலாகும். தொப்பி, முழுக்கைச் சட்டை, சன்ஸ்கிரீன் எல்லாம் அதற்காகத்தான்.

தடிப்பு சின்னதாக இருக்கிறதே, திங்கட்கிழமை மருத்துவரைப் பார்க்கும்போது காட்டிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். உள்ளங்கை சிவந்து கூசுவது, பேதி திடீரென்று நீராகப் போவது, சாப்பாட்டைக் கண்டாலே குமட்டுவது, கண் மஞ்சளாவது, படியேறும்போது முன்பில்லாத மூச்சு வாங்கல், இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே கூப்பிட வேண்டும். காய்ச்சல் என்றால் நள்ளிரவானாலும் கூப்பிட வேண்டும். ஆரம்பத்தில் பிடித்தால் ஸ்டீராய்டுக்குப் பலருக்கும் நன்றாகக் கேட்கும். கேட்காதவர்களுக்கு ரக்ஸோலிடினிப் போன்ற மருந்துகள் இப்போது இருக்கின்றன. தடுப்பு தோற்றுவிட்டதே என்று யாரையும், குறிப்பாக உங்களை நீங்களே, குறை சொல்லிக்கொள்ள வேண்டாம். எல்லாம் சரியாகச் செய்தவர்களுக்கும் வருகிறது.

எத்தனை நாள் இந்த மருந்து? சிறுநீரகம் மாற்றியவர்கள் பொதுவாக ஆயுள் முழுக்க எடுக்க வேண்டியிருக்கும். இங்கே அப்படி இல்லை. பையோடு வந்த முதிர்ந்த டி செல்கள் காலப்போக்கில் குறைகின்றன. அவற்றின் இடத்தில், வேர்பிடித்த ஸ்டெம் செல்களிலிருந்து புதிய டி செல்கள் பிறக்கின்றன. இவை கொடையாளரின் மரபணுவைச் சுமந்தாலும், வளர்வது நோயாளியின் தைமஸ் சுரப்பியில். கண் திறக்கும்போதே இந்த உடம்பைத்தான் பார்க்கின்றன. அதனால் இதையே 'நம் ஆள்' என்று பழகுகின்றன. வயது கூடியவர்களுக்குத் தைமஸ் சுருங்கியிருப்பதால் இது மெதுவாக நடக்கும், சிலருக்கு இந்தப் பழக்கம் முழுமையாகாமல் நாட்பட்ட வகையும் வரும். ஜி.வி.எச்.டி. இல்லாதவர்களுக்கு, நோயின் வகையைப் பொறுத்து, இரண்டு மூன்று மாதங்களில் மருந்தைக் குறைக்கத் தொடங்கி ஆறு மாதம் அளவில் நிறுத்தப் பார்க்கிறார்கள். ஒவ்வொரு முறை குறைக்கும்போதும் ஒன்றிரண்டு வாரம் தோலையும் வயிற்றையும் கவனித்து, எதுவும் கிளம்பவில்லை என்றால் அடுத்த படி. மாத்திரைப் பெட்டியில் அந்தப் பெயர் எழுதிய அறை காலியாகும் நாளில், ரத்தப் பரிசோதனைச் சீட்டில் பலருக்கு ரத்தப் பிரிவே மாறியிருக்கும். கொடையாளரின் பிரிவு.